வில்லங்கம்

குளச்சல் ஏலக்கூடத்திலிருந்து
சாளைக் கூடையில் வைத்து
பூச்சையைக் கொண்டுவந்தாள் டெல்பினாள்.
மேலே கிழிந்த வலைத்துண்டு,
அதற்குள் இரண்டு மஞ்சள் கண்.

"ஒண்ணும் தின்னல்ல டாக்டரே.
சூரைத் தலையப் போட்டாலும்
மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுக்குது.
போன மாசம் நாலு குட்டி போட்டதாக்கும்."

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
ஐஸ்பெட்டியில் மூன்று நாள் கிடந்த
கணவாயின் நிறத்தில் ஈறு.
கழுத்தடியில் விரலுக்குத் தட்டின
புன்னைக்காய் அளவுக் கட்டிகள்.

ரத்தம் மூன்று சொட்டு.
பத்து நிமிடம்.
கச்சான் காற்று வெளியே
ஆஸ்பத்திரிப் பலகையை அடித்துக்கொண்டிருந்தது.
பட்டையில் முதலில் ஒரு கோடு வந்தது.
அது எப்போதும் வரும்.
பிறகு, வரலாமா என்று கேட்பதுபோல
இரண்டாவது.

இந்த நச்சுயிரியை எப்படிச் சொல்ல?
ஐந்து சென்ட் நிலத்துக்காக
இரணியல் பதிவாபீசுக்கு ஒரு வருஷம் அலைந்தவள் அவள்.
அந்த வழியாகவே போனேன்.

"எல்லா உடம்புலயும் ஒரு தாய்ப்பத்திரம் உண்டு அக்கா.
அதப் பாத்து நகல் எடுக்கும்.
நகலப் பாத்து வேலை நடக்கும்.
இது நகலா உள்ள வருது.
உக்காந்து தலைகீழா எழுதுது,
நகல்ல இருந்து பத்திரம்.
எழுதின தாளத்
தாய்ப்பத்திரத்துக்கு நடுவுல தச்சு வச்சிருது.
அப்புறம் எடுக்கிற நகல்ல எல்லாம் அது பேரும் வரும்."

"கிழிச்செடுக்க முடியாதா?"
"அதுக்குத் தெரிஞ்ச கை இன்னும் இல்ல."
"கள்ளப் பத்திரம்," என்றாள்.
கல்லூரியில் ஐந்து வருஷம் படித்த எனக்கு
இவ்வளவு சுருக்கமாக வரவில்லை.

எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தில் எழுதினால்
ஊற்று வற்றும்.
காவல் அணுக்களில் எழுதினால்
முள் குத்திய புண்ணும் ஆறாது.
வளர் என்று சொல்லும் வரிக்குப் பக்கத்தில்
கைதவறித் தைத்துவிட்டால்
நிறுத்தத் தெரியாத சதை.

எப்படித் தொற்றியது என்று கேட்டாள்.
எச்சில் என்றேன்.
ஒரே தட்டு, பால்,
ஒன்றை ஒன்று நக்கிக்கொள்வது.
ஒட்டிப்போன குட்டிக் கண்ணைத்
தாய் நாக்கால் துடைப்பது.

"அப்ப சிநேகமா இருந்ததுக்காக்கும் இது."

மனிதருக்கு வராது, பயப்படாதீங்க,
குட்டிகளப் பிரிச்சு வையுங்க என்றேன்.
"எனக்கென்ன பயம்?
இதுட்ட நக்காதேன்னு ஆரு சொல்லுவா?"

மேசை இழுப்பறையில், என் கைப்பையில்,
கைக்குட்டைக்குள் இன்னொரு பட்டை இருந்தது.
காலையில் குளியலறையில் பார்த்தது.
அதிலும் இரண்டு கோடு.
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது.
கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்
ஏதோ ஒரு நச்சுயிரி
ஏதோ ஒரு விலங்கின் கருவணுவில் தைத்த தாள்
கிழியாமல் கைமாறிக் கைமாறி வந்ததாம்.
பிற உயிரணுவோடு ஒட்டி உள்ளே நுழைய
அது வைத்திருந்த தந்திரத்தை எடுத்து
உடம்பு
தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே
ஒரு மெல்லிய சுவர் கட்டிக்கொண்டதாம்.
அதன் வழியாகத்தான் சோறு போகிறது.
பூச்சைக்கு ஒரு தாள்,
நமக்கு வேறொரு தாள்.

நஞ்சுக்கொடி என்று பெயர் வைத்தவர்களுக்கு
இது தெரிந்திருக்காது.
சும்மா வைத்த பெயர்.

பதிவேட்டை நிரப்பினேன்.
நாட்டுப்பூனை. பெண். வயது மூன்று.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
ஏலக்கூடம் என்று போடச் சொன்னாள் டெல்பினாள்.
போட்டேன்.

கூடையைத் தூக்கும்போது
வலைக்கண் வழியே நாக்கை நீட்டி
என் புறங்கையை ஒருமுறை நக்கியது.
உப்பு இருந்திருக்கும்.

குழாயடிக்குப் போனேன்.
பத்து மணிக்குப் பிறகு
அங்கே தண்ணீர் வராது.